பக்கவாசலில் ஓர் உள்ளங்கை

பதிவு அலுவலகத்துப் பெரிய கூடத்தின் நட்டநடுவில் அந்த அம்மாள் மல்லாந்து படுத்திருக்கிறார். தலைக்கு ஒரு துண்டை மடித்து வைத்திருக்கிறார். செருப்பு இரண்டும் பக்கத்தில் ஒழுங்காக ஜோடி சேர்ந்து நிற்கின்றன. கண்கள் திறந்தே இருக்கின்றன. பிறப்பைப் பதிய வந்தவர்களும் இறப்பைப் பதிய வந்தவர்களும், வீடு வாங்கியவர்களும் விற்றவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், ஓடையில் கிடக்கும் கல்லைத் தண்ணீர் சுற்றிக்கொண்டு போவதுபோல. மதிய வெயில் உயரமான ஜன்னல்களின் வழியே இறங்கித் தரையில் நீளநீளமாகக் கிடக்கிறது. அதில் ஒரு துண்டு மெல்ல நகர்ந்து வந்து அவர் காலைத் தொடும்போது, காலை மட்டும் சற்று ஒதுக்கி அதற்கு வழி விடுகிறார்.

முதல் தடவை பார்த்தபோது மயங்கி விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வீட்டுப் பத்திரத்துக்கு நகல் வாங்கப் போயிருந்தேன். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடினேன். முகத்தில் தெளிக்கக் குனிந்தபோது, "தண்ணி வேணாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அசடு வழிந்தபடி தள்ளி நின்றேன். பத்திர நகல் கைக்கு வந்து வெகுநாள் ஆகியும் ஏதாவது ஒரு சாக்கில் அந்தப் பக்கம் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் இன்னும் நகல் கிடைக்கவில்லை என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர் நகராட்சியின் கட்டடப் பிரிவில் கட்டடக் கலைஞர். பழைய பொதுக் கட்டடங்களைப் பழுதுபார்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது வேலை. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் 'மல்லாந்த மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். "நான் படுத்திருக்கும்போது முதுகுக்குப் பின்னாடி எங்க இடமிருக்கு, எப்படிப் பேசுறாங்கன்னே தெரியல" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். நானும் மேடம் என்றே எழுதுகிறேன்.

மேடத்தின் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதைத் தேடி மேசையையெல்லாம் கலைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். அதுவும் கொண்டைக்கே போய்ச் சேரும். எந்தக் கட்டடத்தையும் முதலில் அளக்க மாட்டார். படுப்பார். பிறகு உட்காருவார். பிறகு நிற்பார். கடைசியில்தான் டேப் வெளியே வரும். "நின்னு பாத்தா நாமதான் கட்டடத்தப் பாக்குறோம். அது நம்மள எப்படிப் பாக்குதுன்னு படுத்தாத்தான் தெரியும்" என்பார். படுத்த இடத்தில் சில நாள் கண் அசந்தும்விடுவார். அப்போது கனவு வரும். ஒரு படிக்கட்டு தன்னைத் தானே மடித்துக்கொண்டு மூலையில் குந்தியிருந்ததாம். ஆஸ்பத்திரி வராந்தா ஒன்று வீடு தேடி வந்து, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றதாம். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் இதையெல்லாம் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்குத்தான் சுவர்கள் லேசாக மூச்சு விடுவதுபோலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

பதிவு அலுவலகம், கடல் தாண்டி வந்து நம்மை ஆண்டவர்கள் கட்டியது. வரி வசூலித்ததும் மனு வாங்கியதும் தீர்ப்புச் சொன்னதும் இங்கேதான். சதுக்கத்தைப் பார்த்தபடி முன்வாசல், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். அதற்கு ஏறும் படிகளில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. வண்டியிலிருந்து இறங்கும் துரையைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட ஆள் இருந்த காலம் அது, கைப்பிடி எதற்கு? மனு கொண்டுவந்தவர்களுக்கு இடப்பக்கச் சந்துக்குள் ஒரு பக்கவாசல். அகலத்துக்குக் குறைவில்லை, உயரத்துக்குத்தான் பஞ்சம். நிலையின் மேல்கட்டை ஒரு சராசரி ஆளின் தோள் மட்டத்தில் குறுக்கே கிடக்கும்.

அந்தக் கட்டைக்கு மேலே, காரை உதிர்ந்த சுவரில், ஒரு வளைவின் கோடு தெரிகிறது. மேடம்தான் காட்டினார். பக்கவாசலையும் முதலில் நல்ல உயரமாகத்தான் கட்டியிருக்கிறார்கள். யாரோ ஒரு துரைக்கு மனுக்காரர்கள் நிமிர்ந்து நடந்து வருவது பிடிக்காமல் போயிருக்கிறது. மேல்பாதியைச் செங்கல்லால் அடைத்து, கனத்த மரக்கட்டை ஒன்றைக் குறுக்கே போட்டுத் தாழ்த்திவிட்டார்கள். மேடம் விரலால் தட்டினார். கீழே ஒரு சத்தம், மேலே ஒரு சத்தம். "மேல இருக்கிற செங்கல்லு வேற சூளை. அவசரத்துல வச்சது" என்றார். எத்தனையோ தலைகளைக் குனியவைத்த ஒரு காரியத்தை ஒரு நாள் வேலையில் முடித்திருக்கிறார்கள். 

விநோதம் என்னவென்றால், முன்வாசல் இப்போது எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. காவல் கிடையாது. அனைவரும் வரலாம் என்று பலகைகூட மாட்டியிருக்கிறார்கள். ஆனால் ஊரே சந்துக்குள் வரிசை கட்டி நின்று குனிந்துதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால், "இதானே வழி?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். என்னைக் குள்ளம் என்று சொன்னால் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். தலையைச் சற்றுத் தாழ்த்தினாலே போதும், நான் போய்விடலாம். ஆனாலும் இடுப்பு ஒடியக் குனிந்துதான் போனேன். அந்த இடத்துக்கு வந்ததும் உடம்பு தானாகவே மடங்கிவிடுகிறது.

அதே வாசலில் இன்னொரு பழக்கமும் உண்டு. முதலில் நுழைந்தவர் நேரே போய்விடுவதில்லை. திரும்பி நின்று, மேல்கட்டையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொள்வார். அடுத்தவர் அவசரத்தில் நிமிர்ந்தால் தலை கட்டையில் படாது, கையில்தான் படும். அவர் உள்ளே வந்து தன் பின்னால் வருகிறவருக்குக் கை வைப்பார். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை, முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பாகப்பிரிவினைக்காகக் கோர்ட்டு வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவர் ஒரு நாள் அடுத்தடுத்து வந்தார்கள். அண்ணன் நுழைந்தான். முறைத்துக்கொண்டே திரும்பி நின்று, தம்பி தலைக்கு மேலே கையை வைத்தான்.

மேடத்தின் அப்பா இந்தக் கட்டடத்தில்தான் வேலை பார்த்தவர். முன்வாசல் காவலர். துரைமார்கள் கப்பலேறிப் போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்தான், ஆனாலும் அந்தக் கதவை நம் அதிகாரிகளுக்கு மட்டுமே திறந்தார். வருகிறவர்கள் மாறினார்கள், வாசல் யாருக்கு என்பது மாறவில்லை. மற்றவர்களைச் சந்துப்பக்கம் கைகாட்டி அனுப்புவதும் அவர் வேலைதான். அவரும் தினமும் காலையில், வெளுத்த சீருடையும் தொப்பியுமாக, சந்து வழியே குனிந்து உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, உள்பக்கத்திலிருந்து முன்கதவைத் திறந்துகொண்டு நிற்பார். வேலை பார்த்த அத்தனை வருடத்தில் படியேறி முன்வாசல் வழியே ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை.

"என் கதவு ஒரு நாளும் கிறீச்சுன்னு சத்தம் போட்டதில்ல" என்று, மேடத்தோடு பழக்கமாகி நான் அவர் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்த பிறகு ஒரு நாள், அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். எண்பதைத் தாண்டிய பிறகும் ஆள் ஒட்டடைக்கம்புபோல நிமிர்ந்துதான் இருக்கிறார். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். யார் மணி அடித்தாலும் அவர்தான் போய்த் திறப்பார். திறந்து, ஓரடி பின்வாங்கி, சுவரோடு சுவராக நின்று வழி விடுவார். பூனைக்கும் அதே மரியாதைதான். அந்தப் பூனையும் ஒரு கலெக்டர் நடையோடு உள்ளே போகிறது.

சின்ன வயதில் மேடம் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போவாராம். மதியம் சந்துப் பக்கம் போய் நின்றால் அப்பா வந்து கூட்டிப் போவார். "நான் அப்ப இத்துனூண்டு. கட்டைக்கும் என் தலைக்கும் சம்பந்தமே இல்ல. ஆனாலும் என் தலைக்கு மேல கை வைப்பாரு. எட்டாதுப்பான்னு சொல்லுவேன். இருக்கட்டும்மாம்பாரு." இதைச் சொல்லும்போதும் மேடம் படுத்துக்கொண்டுதான் இருந்தார். குரல் மட்டும் கொஞ்சம் கீழே போயிருந்தது.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை நேரில் போய், உயிரோடுதான் இருக்கிறோம் என்று இதே அலுவலகத்தில் முகம் காட்ட வேண்டும். போன வருடம் பெரியவரின் முதுகு மடங்க மறுத்துவிட்டது. சந்தில் நின்று முயன்று பார்த்தார். பின்னால் வரிசை நீண்டது. உள்ளேயிருந்து ஒருவர் கட்டையில் கை வைத்தபடி காத்திருந்தார். முடியவில்லை. மகள் அவரை முன்வாசலுக்குக் கூட்டிப் போனார். படிக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அது நமக்கில்லம்மா" என்றார். இருவரும் திரும்பிவிட்டார்கள். அலுவலகத்து ஆளை வீட்டுக்கு வரவழைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமே என்று மேடத்தின் அண்ணன் யோசனை சொன்னார். அந்த வாசலில் நின்றவன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வதா என்று பெரியவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு, காபி வேண்டுமா என்று கேட்டால், "நான்தான் இல்லையே" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் வீட்டில் சிரித்தார்கள். சில மாதங்களில் சிரிப்பு நின்றுபோயிற்று. சாப்பாடும் குறைந்தது.

அந்த நேரத்தில்தான் பதிவு அலுவலகத்தைப் பழுதுபார்க்கும் வேலை மேடத்திடம் வந்தது. கேட்டு வாங்கினாரா, தானாக வந்ததா என்று கேட்டேன். கொண்டையில் பென்சிலைத் தேடினார்.

தலைமைப் பொறியாளர் நல்ல மனிதர், சிக்கனமானவர். செங்கல் அடைப்பை எடுத்துவிட்டால் பக்கவாசல் பழைய உயரத்துக்கு வந்துவிடும், ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்றார். அண்ணனுக்கு அதைக் கேட்டதும் உயிர் வந்தது. அடுத்த மாதமே அப்பா நிமிர்ந்து உள்ளே போய்விடலாம். மேடம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒசத்திக் கட்டுனாலும் அது பக்கவாசல்தான். அப்பா நிமிந்துதான் போவாரு, சந்து வழியாப் போவாரு" என்றார். பக்கவாசலை மூடிவிட வேண்டும், எல்லோரும் முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும், அந்தக் கட்டையைப் பிளந்து அடுப்பில் வைக்க வேண்டும். இதுதான் அவர் முதலில் போட்ட திட்டம். முதல் உளியை நானே வைப்பேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு விடுமுறை நாள் மதியம். அலுவலகம் காலியாக இருந்தது. மேடம் வழக்கம்போலத் துண்டை மடித்துக்கொண்டு போய் இந்தத் தடவை பக்கவாசலிலேயே, கட்டைக்கு நேர் கீழே படுத்தார். சந்தில் பட்டுத் தெறித்த வெளிச்சம் கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டிருந்தது. பாதி தூக்கத்தில் கட்டை மிதப்பதுபோல இருந்ததாம், சுவரே இல்லாமல், ஆற்றில் வருவதுபோல. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். கட்டையின் உள்விளிம்பு மட்டும் மினுமினுவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் கரியும் தூசியும். அந்த விளிம்பு மட்டும் வழுவழுப்பாகி, நடுவில் லேசாகக் குழிந்து, ஒரு கை படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. எழுந்து உள்ளங்கையை வைத்தார். பொருந்திற்று.

"அழுதுட்டேங்க" என்றார் என்னிடம், கொஞ்சமும் வெட்கப்படாமல். "வச்சவன் எவனோ ஒருத்தன். தேச்சவங்க எத்தன பேரு. எங்கப்பா கையும் அதுல இருக்கு. அதப் போயி அடுப்புல வைக்கப் பாத்தேன்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கிற்று. வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் திட்டம் மாறியது. பக்கவாசல் கண்ணாடி போட்ட ஜன்னலாகும். மேல்கட்டை அங்கிருந்து கழன்று முன்வாசல் படிகளுக்குக் கைப்பிடியாகும், தேய்ந்த விளிம்பு மேலே வரும்படியாக. தலைமைப் பொறியாளர் வெகுநேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேடம், இதுக்கு நான் காரணம்னு என்ன எழுதுறது?" என்று கேட்டார். "ஏறும்போது பிடிச்சுக்க கைப்பிடி இல்லைன்னு எழுதுங்க. பொய்யில்லையே" என்றார் மேடம்.

அண்ணன்தான் விடவில்லை. வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு அவர் பேசியதை நான் கேட்டேன். "நீ பண்றது எல்லாம் சரியாவே இருக்கட்டும். அப்பா அந்தப் படியில கால வைக்கலேன்னா? அவருக்கு இருந்த ஒரு வாசலையும் நீ அடச்சுட்டே, அவ்வளவுதான்."  உள்ளறையில் பெரியவர் தூங்குவதுபோலப் படுத்திருந்தார். தங்கை மேல் கோபமிருந்தாலும் அண்ணன் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கும் பட்டது. மேடத்துக்கும் பட்டிருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அவர் எங்கேயும் படுக்கவில்லை. நின்றுகொண்டே வேலை பார்த்தார், அதுவே அலுவலகத்தில் பெரிய பேச்சாயிற்று.

கட்டையைப் பொருத்த வந்த தச்சர் அதைப் பார்த்ததும் இழைப்புளியை எடுத்தார். இழைத்து, வார்னிஷ் அடித்து, புது மாப்பிள்ளை மாதிரி ஆக்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மேடம் போய்க் கட்டையின் மேலேயே நீட்டிப் படுத்துக்கொண்டார். தச்சர் இழைப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

வேலை முடிந்து அலுவலகம் திறந்த நாள் விழா எதுவும் கிடையாது. மெல்லிய தூறல். சதுக்கம் முழுக்க வெள்ளையாக மங்கியிருந்தது. வழக்கம்போல எல்லோரும் சந்துக்குள் போனார்கள். அங்கே ஜன்னலைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குமாஸ்தாக்கள் தங்களையே பார்ப்பதைப் பார்த்தார்கள். தூக்கத்தில் நடப்பவர்கள்போலத் திரும்பி வந்து, படிக்குக் கீழே கூடி நின்றார்கள். யாரும் ஏறவில்லை. பாகப்பிரிவினை அண்ணன் தம்பிகூட ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேடம் கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

மேடத்தின் அண்ணன் பெரியவரைக் கூட்டிவந்தார். பழைய சீருடைக் கோட்டைப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தார் பெரியவர். படிக்குக் கீழே வந்ததும், போன வருடம் நின்ற அதே இடத்தில் கால் நின்றுவிட்டது. அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் நிமிர்ந்து முன்வாசலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த கட்டையைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்புறம் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே, கட்டையைத் தடவிக்கொண்டே, ஒவ்வொரு படியாக ஏறினார்.

மேலே போனவர் உள்ளே போகவில்லை. கதவின் ஓரத்தில் திரும்பி, ஓரடி பின்வாங்கி, சுவரோடு சுவராக நிமிர்ந்து நின்றார். கதவைப் பிடித்துக்கொண்டு, கீழே நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். ஒருவர் வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கும்போது எவ்வளவு நேரம்தான் வெளியே நிற்பது? கைக்குழந்தையோடு ஒரு பெண் முதலில் ஏறினாள். அவள் பின்னால் எல்லோரும் ஏறினார்கள், கட்டையைப் பிடித்துக்கொண்டு. பெரியவர் ஒவ்வொருவருக்கும் வழி விட்டார். துரைக்குப் பின்வந்த அதிகாரிகளுக்கு எப்படி நின்றாரோ அப்படியே, கொஞ்சமும் குறையாமல் நின்றார். நான் ஏறினேன். அத்தனை உயரமான வாசலில் பழக்கதோஷத்தில் குனிந்தும் தொலைத்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் உள்ளே போய்த் தீர்ந்தது. வாசலில் அவர் மட்டும் மிச்சம். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் கதவைப் பிடிப்பது அவருக்குத் தெரிந்த வேலை. தனக்காக நுழைவது தெரியாது. அண்ணன் கூடத்திலிருந்து என்னைத் தாண்டி மேடத்தைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில், பயம்தான் இருந்தது. மேடம் அப்பாவைக் கூப்பிடவில்லை. நடந்து வாசல்வரை போய், உள்பக்கத்திலேயே அவரைப் பார்த்து நின்று, வலது கையை உயர்த்தி, உள்ளங்கை கீழே பார்க்க, அப்பாவின் தலை வரவேண்டிய இடத்துக்கு மேலே பிடித்தார்.

மேலே நிலை எங்கேயோ இருந்தது. கைக்கும் அதற்கும் நடுவில் இன்னோர் ஆள் நிற்கலாம்.

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். "எட்டாதும்மா" என்றார்.

"இருக்கட்டும்பா."

அவர் கதவை விட்டார். குனியாமல், அந்தக் கைக்குக் கீழே நடந்து உள்ளே வந்தார். அவர் தாண்டிப் போன பிறகும் மேடம் கையை இறக்கவில்லை.